எதோடு வந்தது?

துணி மூட்டையை அவிழ்த்ததும் பக்கத்து வீட்டு டோபி அக்கா கேட்கிற முதல் கேள்வி, "இது எதோட வந்துச்சு?" என்பதுதான். ஒரு கைக்குட்டை தனியாகக் கிடந்தால் அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்புவார். எந்தச் சட்டையோடு வந்தது, அந்தச் சட்டை எந்த வீட்டுடையது என்று தெரிகிற வரைக்கும் வேறு வேலை பார்க்க மாட்டார். டோபி வேலையில் அது நியாயமான கேள்விதான். ஆனால் அவர் அதைத் துணியோடு நிறுத்தவில்லை. தெங்கேராவுக்குப் போகிற பஸ்ஸுக்குப் புதுச் சாயம் அடித்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், "அது எதோட வந்துச்சு?" எனக்குக் காய்ச்சல் என்றால், "எதோட வந்துச்சு?" வகுப்பில் முதலாவதாக வந்தேன் என்று ஓடிப்போய்ச் சொன்ன நாளிலும் அதையே கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"படிச்சேன், வந்துச்சு. வேற எதோட வரணும்?"

அவர் நம்பவில்லை. "தனியா ஒண்ணும் வராது தங்கச்சி," என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டிக் கரியை ஊதினார்.

மலாய் நாட்டில் எங்கள் டவுனின் காஜா பெராங் பகுதியில், செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்பின் கோயில்களுக்குப் பின்பக்கம், வாய்க்கால் ஓரமாக ஐந்து தகர வீடுகள் இருந்தன. கடைசி வீடு எங்களுடையது. அதற்கு முந்தியது அவருடையது. கணவர் சைக்கிளில் போய் மூட்டை எடுத்து வருவார், கல்லில் அடிப்பார். நீலம், கஞ்சி, இஸ்திரி, குறி எல்லாம் அவர் கை. பிள்ளை இல்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயதாவது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பெயர் தெரியும், இங்கே எழுதப் போவதில்லை.

என் அப்பா குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து முனிசிபல் வேலையில் சாக்கடை வெட்டியவர். அம்மா கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என் கை, அதுவும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில். அந்தப் பெருமை அப்போது எனக்கு நிறைய இருந்தது. இப்போதும் குறையவில்லை, அதை மறைக்கவும் தோன்றவில்லை. ஆனால் வகுப்பில் என் வீட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் பாடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அம்மா, "சரி சரி, தண்ணி எடுத்து வெச்சியா?" என்பார். இரண்டு இடத்திலும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் நான் போய் உட்கார்ந்த இடம் அக்காவின் இஸ்திரி மேசைதான்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. என் பள்ளி உடுப்புக்கு அவர் கஞ்சி போட்டு, மடிப்பு கத்தி மாதிரி நிற்கத் தேய்த்துக் கொடுப்பார். பதிலுக்கு நான் தமிழ்ப் பத்திரிகையை வாசித்துக் காட்டுவேன். இங்கிலீஷ் பள்ளிக்கு மாறுவதற்கு முன் மூன்று வருஷம் தமிழ்ப் பள்ளியில் இருந்தேன். அந்த எழுத்து மறக்கவில்லை. அவருக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் அறுபது எழுபது வீடுகளின் குறிகள் அவர் தலைக்குள் இருந்தன.

குறி என்றால், சேங்கொட்டையைக் குத்தி எடுத்த கறுப்பு மையில் ஊசி முனையளவு புள்ளியும் கோடும். காலரின் உட்பக்கம், வேட்டியின் ஓரம், பாவாடை நாடா மடிப்பு என்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. கோயிலடி வீட்டுக்கு இரண்டு புள்ளி ஒரு கோடு. தெங்கேரா தவுக்கேக்கு, அதாவது மளிகைக்கடைச் சீன முதலாளிக்கு, சாய்ந்த கோடு மூன்று. எனக்குப் பிறை மாதிரி ஒரு வளைவு. "நீ இன்னும் வளரணும்ல, அதான்," என்றார்.

சித்திரை கழிந்து அம்மன் கோயில் திருவிழா வரும்போது செட்டிக் கம்பத்துப் பெண்களின் கெபாயாச் சட்டைகள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழும். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஓரத்தில் பூவேலை. அக்கா ஒன்றைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. சில சமயம் குறியைப் பார்க்காமலே, அக்குளில் மூக்கை வைத்து மோந்துவிட்டு, இன்னார் வீடு என்பார். எதிர் வீட்டுக் கெபாயா மாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவர் செட்டி வீட்டுக்காரர். சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான், ஆனால் பேச்சு மலாய். மாமா, மாமி, கோயில் என்று நாலைந்து சொல்தான் தமிழ். "உன் அக்காவைக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக் கூட்டிப் போகலாம், துணியை மோந்தே குணத்தைச் சொல்லிவிடுவாள்," என்று என்னிடம் மலாயில் சொல்வார்.

அது வெறும் கேலி இல்லை. கிளார்க் ஒருவருடைய சட்டை வந்தது. அக்கா கைப்பட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இவருக்கு வேல போயிருச்சு," என்றார்.

"யார் சொன்னா?"

"மூணு வாரமா கையில மை இல்ல."

அண்ணன், அவர் கணவரைத்தான் சொல்கிறேன், "லீவுல இருப்பாரு, போ," என்றார். அடுத்த மாதம் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு சிங்கப்பூருக்குப் போனது. வேலை போனதை மனைவியிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லையாம். இப்படி எத்தனையோ. எந்த வீட்டில் பிள்ளை உண்டாகியிருக்கிறது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிப் பாயில் படுக்கிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டார், அண்ணனையும் என்னையும் தவிர. நான் பள்ளியில் படித்தவற்றில் எதுவும் இதற்குச் சமமில்லை என்று அப்போது நினைத்தேன்.

அதனால்தான், எந்த இடத்தில் அது மாறியது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் பகல் பத்து மணி வெயிலில் மூன்று வீட்டுத் தலையணை உறைகளை மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தார். மூன்றிலும் நீலம் ஒரே மூலையில் திட்டாகப் பிடித்திருந்தது.

"பார்த்தியா?"

"நீலம் சரியா கரையல அக்கா."

"மூணு வீடும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்க. ஒரே மூலை. எங்கிட்ட என்னமோ சொல்றாங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கிளார்க்கின் கைப்பட்டியைப் பார்த்தாரே, அதே பார்வைதான். அதே நிதானம். அந்தப் பார்வை ஒருமுறைகூடத் தப்பியதில்லை என்பதால், எனக்கும் ஒரு கணம் அந்த நீலத் திட்டு எதையோ சொல்வதுபோல் இருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிறகு துணிகள் மாறிப் போகத் தொடங்கின. மறதியால் மாறவில்லை, அவரே மாற்றினார். கோயிலடி மாமாவின் வேட்டி தெங்கேரா தவுக்கேக்குப் போனது. தவுக்கேயின் பனியன்கள் கோயிலடிக்கு வந்தன. தவுக்கே அந்த எட்டு முழத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கடைவாசலில் நின்று, "இது துணியா, கப்பல் பாயா?" என்று மலாயில் கத்தியதை அண்ணன் சொல்லிக் காட்டியபோது நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அக்கா இஸ்திரியை நிறுத்தாமல், "ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. அவங்களுக்குத் தெரியாது," என்றார். நாலாவது முறை யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வீடுகள் வேறு டோபியிடம் போயின.

அவருக்கு அதில் சந்தோஷம் இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம்தான் இருந்தது. அண்ணன் கல்லில் துணி அடிக்கிற சத்தத்தில் வார்த்தைகள் கேட்கின்றன என்றார். முதலில் காதைப் பொத்திக்கொண்டார். அப்புறம் பொத்தினாலும் கேட்கிறது என்றார். "நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்று ஒரு மத்தியானம் முழுக்க அழுதார். அடித்தால்தானே அண்ணனுக்குப் பிழைப்பு. துணியை வாளியில் வைத்துக் கையால் கசக்கித் துவைக்கத் தொடங்கினார் அந்த மனிதர். பாதி வேலைதான் நடந்தது. சோற்றில் நீலம் கலந்திருக்கிறது என்று அக்கா தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தது அந்த மாதத்தில்தான்.

என் அம்மா வேப்பிலையும் திருநீறும் கொண்டுபோனார். கெபாயா மாமி தன் வீட்டு முன்னோருக்குப் படைத்த வாழையிலைச் சாப்பாட்டிலிருந்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். அதை மட்டும் அக்கா தின்றார். "செத்தவங்க கலப்படம் பண்ண மாட்டாங்க," என்றார்.

அண்ணன் என்னிடம் வந்தார். "தங்கச்சி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும். டாக்டரு சீனரு. எனக்கு அவர்கிட்ட என்ன பேசணும்னே தெரியாது. நீ வா."

எனக்குப் பதினேழு வயது முடிந்திருந்தது. அக்கா தேய்த்துக் கொடுத்த உடுப்பையே போட்டுக்கொண்டு போனேன்.

டாக்டர் பினாங்குக்காரர், இளைஞர். அக்காவுக்குச் சந்தை மலாய் தெரியும் என்று சொன்னேன். அவர், "வேண்டாம், சொந்த மொழியில் பேசட்டும். அவர் சொல்வதைச் சொல்லு, போதும்," என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"பனியன் மூணு வந்துச்சு. மூணும் ஈரம். மூணு மணிக்குத்தான் பஸ்ஸு போகும். பஸ்ஸுக்காரனுக்கு எம்பேரு தெரியும். அதான் சோத்துல நீலம் இருக்கு."

நான் அதை இங்கிலீஷில் இப்படிச் சொன்னேன்: வேலை மிக அதிகம், மதியம் மூன்று மணிக்குள் துணியை உலர்த்தி அனுப்ப வேண்டியிருக்கிறது, போகிற வருகிறவர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கவலைப்படுகிறார், அதனால் சாப்பாடு இறங்கவில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அந்த மேசைக்கு முன்னால், அந்த வெள்ளைக் கோட்டுக்கு முன்னால், எங்கள் ஆட்கள் உளறுகிறார்கள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்றுதான் இருந்தது. பத்து வருஷம் படித்த படிப்பு வேறு. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓட்டை இருந்தால் கை தானாகப் போய் அடைத்துவிடும். கால் மணி நேரம் அக்கா பேசினார். கால் மணி நேரமும் நான் அடைத்தேன். டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். களைப்பு, ரத்தக் குறைவு, கவலை என்றார். டானிக்கும் தூக்க மருந்தும் கொடுத்தார். பேனாவை மூடிவிட்டு, "உன் இங்கிலீஷ் மிக நன்றாக இருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். அக்காவும் அன்று சந்தோஷமாக இருந்தார்.

"அவரு தலைய ஆட்டினாரு பார்த்தியா?" என்றார். "நான் பேசறப்ப யாரும் இப்பல்லாம் தலைய ஆட்டறதில்ல."

அது ஐம்பத்தேழு ஜூலை. ஆகஸ்ட் பிறந்ததும் ஊரெல்லாம் கொடி. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருகிறது என்று கடை, கோயில், வீடு, லாரி என்று ஒன்றையும் விடவில்லை. காஜா பெராங் ரோட்டில் இரண்டு பக்கமும் வீட்டுக்கு ஒரு கொடி. சிவப்பும் வெள்ளையும் கோடு, நீலத்தில் பிறையும் நட்சத்திரமும். எல்லாம் புதுத் துணி.

மெர்டேக்காவுக்கு நாலு நாள் இருக்கும்போது, பட்டப்பகலில், அக்கா அந்தக் கொடிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. டோபிக்கார அம்மா தோளில் துணியோடு போவது எல்லாரும் தினமும் பார்ப்பதுதானே. விழாவுக்காகச் சலவைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரன் நினைத்தான். அவனுடைய கொடியை அக்கா எடுத்தபோது அடுத்த வீட்டுக்காரனும் அப்படியே நினைத்தான். கெபாயா மாமி எட்டாத கொடியை முக்காலி போட்டு ஏறித் தானே அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார்.

நான் பள்ளியிலிருந்து வரும்போது பின்பக்கத் திடலில் ஏழெட்டுக் கொடிக்கயிறு முழுக்கக் கொடிகள். அலசி, கஞ்சி போட்டு, வரிசையாக. வெயிலில் கடற்காற்று அவற்றைப் படபடவென்று அடித்தது. அவ்வளவு அழகான ஒன்றை அந்தத் திடலில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொன்றின் வெள்ளைக்கோட்டு ஓரத்திலும் கறுப்பு மையில் புள்ளி, கோடு. அந்தந்த வீட்டுக் குறி. ஒன்றும் தப்பில்லாமல்.

ஆட்கள் வந்துவிட்டார்கள். "நாட்டுக் கொடியில டோபிக் குறியா? புத்தி கெட்டுப் போச்சா?" என்று ஒரு கடைக்காரர் கத்தினார். யாரோ மாத்தாவைக் கூட்டி வந்தார்கள். அந்த மலாய்ப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கயிற்று வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு," என்று அக்கா மலாயில் சொன்னார். "மழை வந்து எல்லாம் கலந்துட்டா, யாரோடது யாருக்குன்னு எப்படித் திருப்பிக் கொடுப்பீங்க?"

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்தது. அக்கா அதோடு நிறுத்தியிருந்தால் அவர் போயிருப்பார். ஆனால் அக்கா தமிழுக்கு மாறினார். நட்சத்திரத்துக்குப் பதினோரு முனை, பத்து சும்மா இருக்கு, ஒண்ணு மட்டும் என்னப் பாக்குது, என் சோத்துக்குள்ள வந்தது அதுதான் என்று குரல் உயர உயரச் சொல்லிக்கொண்டே போனார். கெபாயா மாமி கையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் போலீஸ்காரரின் காலைத் தொடப் போனார்.

"எழுந்திரு," என்றார் அவர். "நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ. நோய் என்று அவர் எழுதிக் கொடுத்தால் நான் ஒன்றும் எழுத மாட்டேன்."

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மெர்டேக்கா அன்று அந்தக் கொடிகளே பறந்தன. வேறு கொடி வாங்க அவகாசம் இல்லை. ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். எல்லாரும் விழா பார்க்க டவுன் திடலுக்குப் போயிருந்த நேரத்தில் நான் ரோட்டில் தனியாக நடந்து, மடிப்பு பிரிந்த இடங்களில் குறி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். அக்கா அப்போது ஊரில் இல்லை. ஜோகூரில் இருந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு வருஷத்துக்கும் மேலாயிற்று அவர் திரும்பி வர. நான் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். லீவுக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். உடம்பு பெருத்திருந்தது. கை லேசாக நடுங்கியது. சோறு நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். குறிகளை இப்போது அண்ணனே போட்டார், நம்பர் நம்பராக.

"எப்படி இருக்கீங்க அக்கா?"

"நல்லாத்தான் இருக்கேன். சத்தமெல்லாம் நின்னுருச்சு. நல்லாத் தூக்கம் வருது." கொஞ்சம் யோசித்தார். "எல்லாம் தனித்தனியா இருக்கு."

நான் டீச்சராகப் போகிறேன் என்று சொன்னேன். எதுவும் கேட்கவில்லை. "நல்லது," என்றார். நானும் உடனே எழுந்து வந்துவிட்டேன்.

அந்தச் சமயம் பயிற்சிக்கு வேண்டிய உடல்நலச் சான்றிதழுக்காக அதே டாக்டரிடம் போக நேர்ந்தது. அக்காவுக்கு உண்மையில் என்ன என்று கேட்டேன். மூளையின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் நடுவே போக்குவரத்துப் பாதைகள் இருக்கின்றன. இந்த நோய் வந்தவர்களுக்கு அந்தப் பாதைகள் வேறு மாதிரி ஓடுகின்றன என்று சில டாக்டர்கள் வெகுகாலமாகச் சந்தேகப்படுகிறார்கள், என்றார். சேர வேண்டியது சேராமலும், சேர வேண்டாதது சேர்ந்தும். "யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒருநாள் பார்ப்பார்கள்." அப்படியானால் கிளார்க்கின் கைப்பட்டியைப் பார்த்துச் சொன்னாரே, அது எந்தப் பாதை என்று கேட்க நினைத்தேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

கொடிகளுக்கு மறுநாள் நடந்ததை மட்டும் இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நாலு நாளா பச்சத் தண்ணிதான் தங்கச்சி. செத்துருவா. நீ எது சொல்றியோ, அவளுக்குச் சோறு உள்ள போற மாதிரி சொல்லு."

அக்கா மறுபக்கம் நடந்தபடி வேறொன்றைச் சொன்னார். "ஜோகூருக்கு அனுப்பிருவாங்களா? அங்க போனவங்க திரும்பி வந்து நான் பாத்ததில்ல. நான் வீட்டுலயே இருக்கேன்னு சொல்லு. நீ சொன்னா அவரு கேப்பாரு."

டாக்டர் போன முறை எழுதியதை எடுத்து வாசித்தார். நெற்றியைச் சுருக்கினார். "அன்றைக்கு ஒழுங்காகத்தானே பேசினார்? தொடர்ச்சியாக, காரணத்தோடு. ஐந்து வாரத்தில் இப்படியா? காய்ச்சல் எதுவும் வந்ததா? எதையாவது குடித்துவிட்டாரா?" அண்ணனிடம் கேட்டுச் சொன்னேன். இல்லை என்றார். "அப்படியானால் இது கொடியை வைத்து விளையாடிய சமாசாரமாக இருக்கலாம்," என்றார் டாக்டர். "அதற்கு நான் சான்றிதழ் தர முடியாது. போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும். சரி, ஒருமுறை பேசட்டும்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை காய்ந்து, கரிச்சூடு பட்ட தழும்புகளோடு இருந்தது.

"கொடிக்குப் பேரு இல்ல. பேரு இல்லாததுக்குப் பசிக்கும். பஸ்ஸு இன்னிக்கி வரல. பஸ்ஸு வராத அன்னிக்கி எங்க அம்மா செத்தாங்க. நீலத்த நிறுத்தச் சொல்லு."

இந்த முறை சொன்னதைச் சொன்னபடியே இங்கிலீஷில் வைத்தேன். ஒரு வாக்கியம். நிறுத்தம். அடுத்தது. நடுவில் ஒன்றும் போடவில்லை. டாக்டரின் பேனா நின்றது. அவர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்காவும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி," என்றார் அக்கா, என் கையை இழுத்து. "அவரு தலைய ஆட்டல. நீ போன தடவ சொன்ன மாதிரி சொல்லு."

"என்ன சொல்கிறார்?" என்று டாக்டர் கேட்டார்.

அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அந்த அறையில் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தண்ணீர் கேட்கிறார் என்று சொல்லியிருக்கலாம். "உன் இங்கிலீஷ் மிக நன்றாக இருக்கிறது" என்று சொன்ன அந்த முகம் எனக்கு எதிரே இருந்தது.

"போன முறை நான் சொன்னது போலவே சொல்லச் சொல்கிறார்," என்றேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. ஏட்டை என் பக்கம் திருப்பிவைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இதில் எது அவர் சொன்னது? எது நீ சொன்னது?"

முதல் வரியில் விரலை வைத்தேன். மூன்று பனியன் என்றது அவர். வேலை அதிகம் என்றது நான். மூன்று மணி பஸ் என்றது அவர்; துணி உலர்த்தும் அவசரம் என்றது நான். என் பேர் தெரியும் என்றது அவர். கவலை என்றது நான். "அதனால்" என்ற சொல் அந்தப் பக்கத்தில் ஏழு இடத்தில் இருந்தது. ஏழும் என்னுடையவை என்று சொன்னேன். டாக்டர் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.

அக்காவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்க முடியாது. ஆனால் என் விரல் கீழே இறங்குவதையும், அந்தப் பேனா பின்னாலேயே கோடு போட்டுக்கொண்டு வருவதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது வரி வரைக்கும் என் இடது கையை இறுகப் பிடித்திருந்தார். ஐந்தாவது வரியில் விட்டுவிட்டார்.